திரைக்குப் பின்னால் நூரம்பர்க்

நீரூற்று வலது கைப் பக்கம் நின்றதை ராஜபாய் தன் கண்ணால் பார்த்தாள். தப்பு என்றார் ரசலையன் சார். அவர் காட்டிய படம் இன்னும் திரைத் துணியில்தான் இருந்தது. இப்போதும் வலது பக்கம்தான். பிறகு எப்படித் தப்பாகும்?

மயிலாடிக்கு அடுத்த அந்த ஊர்ச் சபை ஹாலில், ஜன்னல்களுக்குச் சாக்கு அடித்து மத்தியானத்தை இருட்டாக்கி, விளக்கொளியில் படம் விழும் மாஜிக் லாந்தர் காட்டினார்கள். ஜெர்மனியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த ரசலையன் சாருக்கு இங்கே இனி எதுவும் ஆகாது. நம் கோபுரம் கற்குவியல், நம் பண்டிகை வெறும் கூச்சல். நூரம்பர்க்கின் மதில், அருங்காட்சியகம், கிறிஸ்துமஸ் பொம்மைச் சந்தை எல்லாம் கண்ணாடிப் படங்களாக வந்தன. நண்பகலில் பொம்மை ராஜாவை ஏழு பொம்மைப் பிரபுக்கள் சுற்றிவரும் மாதா கோயில் கடிகாரமும் வந்தது. பொம்மைகளை எது தள்ளுகிறது என்று ராஜபாய் கேட்டாள். "சொன்னா ஒங்களுக்கு ஏறுமா?" என்றார். அவருக்கும் தெரியாது.

பெண் பள்ளிக்கூட டீச்சர் வேலைக்கு ஆள் எடுப்பவர் அவர்தான். கிடைக்காவிட்டால் ராஜபாய்க்கு மறுபடி லேஸ் பின்னல். படத்தில் அந்தக் கோயிலுக்கு எந்தப் பக்கம் நீரூற்று என்பதுதான் அவர் வைத்த பரீட்சை.

"வலது, சார்."

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. "இடது வலது தெரியாதவளுக்கா வேலை குடுக்கச் சொல்லுதிய?" என்று பக்கத்தில் இருந்த யோவான் உபதேசியாரிடம் கேட்டார் சார். "இவ பூகோளம் படிப்பிச்சா கன்னியாகுமரிக்கு வடக்க கடல் வந்திரும்."

"ஏட்டி ராஜபாய், நமக்கெல்லாம் ஒண்ணுபோல மாறுகண்ணா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேவகனி. "எனக்கும் வலதுல்லா தெரியுவு!"

ராஜபாய் எழுந்தாள். ஆணும் பெண்ணும் கலந்து உட்காராத சபை. அதனால் பின்பக்கமும் படம் தெரியும்படி நனைத்த வெள்ளைத் துணியை ஹாலின் நடுவே கட்டி, லாந்தரும் ஆண்களும் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம். அவள் துணியின் ஓரத்தைத் தாண்டினாள். நீரூற்று இடப்பக்கம் நின்றது. திரும்பி வந்தாள். வலப்பக்கம். சேலைக் கரையின் பூவை மறுபுறம் திருப்பிப் பார்ப்பதுபோல.

"உபதேசியாரே, ஒருக்கா இங்க வாரும்."

யோவான் உபதேசியார் தயங்கித் தயங்கிப் பெண்கள் பக்கம் வந்தார். பார்த்தார்.

"வலதுதான், சாரே," என்றார் துணிக்கு மேலாக, அந்தப் பக்கம் கேட்கும்படி.

பதினோரு ஊரில் காட்டிய படம். ஒரு ஊரிலும் சார் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்ததில்லை. இப்போதும் வரவில்லை. "பின்னால இருந்து பாக்கது அவங்க குத்தம்," என்றார்.

ராஜபாய் லாந்தரிடம் போனாள். படம் நேராக விழக் கண்ணாடியைத் தலைகீழாகச் செருக வேண்டும். அது சாருக்குத் தெரிந்திருந்தது. அவர் அறியாத மிச்சம் சின்னதுதான். துணிக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் காட்டும்போது, கண்ணாடியின் முன்புறம் பின்புறமாகும்படி ஒருமுறை திருப்பிச் செருக வேண்டும். சேலைப் பூவைத் திருப்புவதுபோல அவள் அதைத் திருப்பிச் செருகினாள்; பெண்கள் பக்கம் நீரூற்று இடதுக்கு வந்தது.