இரண்டாவது ரஸ்ஸல் விற்கப்பட்ட வெள்ளிக்கிழமை

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், சன்னிவேல் நகரில், ரஸ்ஸல் டோலன் தன் கம்பெனிப் பங்குகளைச் சலுகை விலைக்கு வாங்கி விற்காமல் வைத்துக்கொண்ட அன்று சாயங்காலம், அவனைப் போலவே இன்னொருவன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். முகம், குரல், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் அதே. கோட்டு மட்டும் விலை உயர்ந்தது, ஆளும் கொஞ்சம் பருமன். ரஸ்ஸலின் மனைவி மார்னி அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அந்த வருஷம் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு இப்படி ஆள் வந்திருந்தது. பத்து சென்ட்டுக்குக் கொடுத்த பங்கு சந்தையில் எண்பது டாலருக்குப் போனால், அந்த வித்தியாசம் எங்கேயாவது உட்காரத்தானே வேண்டும்.

வந்தவன் நல்லவன்தான். பின்கட்டில் நீச்சல் குளம் எங்கே வெட்டலாம் என்று பிள்ளைகளுடன் அளந்துகொண்டிருப்பான். கம்பெனியில் வெள்ளிதோறும் முதலாளி பீர் வாங்கிக் கொடுத்து, பங்கை விற்றவன் யாராவது உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்பார். விற்றவனைப் பந்தியில் பாதியில் எழுந்தவனைப் போலப் பார்த்தார்கள். ஒரு வருஷம் பொறுத்தால் வரி குறையும் என்று வேறு எல்லோரும் சொன்னார்கள், பொறுத்தார்கள். ஏப்ரலிலிருந்து விலை சரிந்தது. இரண்டாவது ரஸ்ஸல் மெலிந்தான். ரஸ்ஸலுக்கு மனசு கேட்காமல் தன் தட்டிலிருந்த அப்பத்தையும் அவனுக்குத் தள்ளிவிடுவான்.

நவம்பரில் மார்னி இருவரையும் வரிக் கணக்கர் ஐரீன் ககாவாவிடம் இழுத்துப்போனாள். அந்த அம்மாள் ஒன்றும் கேட்காமல் மூன்றாவது நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

“இந்த நாட்டுல வரியை ரெண்டு தடவை போட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு இவருக்கு. எது பெருசோ அதைக் கட்டணும். இவர் இப்ப எப்படி இளைச்சிருந்தா என்ன? பிப்ரவரியில வந்த அன்னைக்கு எந்த எடையோ, அதுக்குத்தான் வரி.”

சட்டியில் இல்லாததை அகப்பையில் கேட்கிற வரி அது. கட்டுவதென்றால் வீட்டை விற்க வேண்டும். தப்பிக்க ஒரே வழி, வருஷம் முடிவதற்குள் பங்குகளை விற்றுவிடுவது. கையில் வந்ததற்கு மட்டும் வரி. ஆனால் விற்றால் இவர் இருக்க மாட்டார் என்றும், ஜனவரியில் விற்றுப் பயனில்லை என்றும் ஐரீன் சொன்னாள்.

ரஸ்ஸல் தள்ளிப்போட்டான். விலை ஏறும் என்றான், கூட உட்கார்ந்து சாப்பிட்டவனை எப்படி அனுப்புவது என்றான்.

“அவன் போனா நானும் அழுவேன்,” என்றாள் மார்னி. “வீடு போனா பிள்ளைங்களோட எங்க போய் அழறது, சொல்லு?”

சந்தையின் கடைசி நாள் டிசம்பர் 29, வெள்ளிக்கிழமை. எங்கள் நேரத்துக்குப் பகல் ஒரு மணிக்குக் கடை அடைத்துவிடும். பன்னிரண்டரை தாண்டியும் ரஸ்ஸல் தொலைபேசி எதிரே கல்லாக நின்றான். இரண்டாமவன் மெல்ல எழுந்துவந்து தரகருக்கு எண்களைச் சுழற்றினான். ஒரே குரல் என்பதால் தரகருக்குச் சந்தேகம் வரவில்லை. பெயர் சொன்னான், கணக்கு எண் சொன்னான், எல்லாப் பங்கையும் என்று ஆரம்பித்தான். அதற்குள் குரல் தீர்ந்துவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. ரிசீவரை ரஸ்ஸலிடம் நீட்டினான்.

“மிஸ்டர் டோலன்? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்றான் ரஸ்ஸல். “எல்லாத்தையும் வித்துடுங்க.”

திரும்பிப் பார்த்தபோது கோட்டு உட்பட ஒன்றும் இல்லை. ரஸ்ஸல் வாய்விட்டு அழுதான். பங்கு விற்ற காசு கூரை ஒழுகலை அடைக்கச் சரியாக இருந்தது. ஏப்ரலில் வந்த வரி சின்னதுதான். வீடு தப்பியது.

பக்கத்து வீட்டு ஹாப்ஸ் பங்கை விற்கவில்லை. ஜூனில் அவர்கள் வாசலில் லாரி வந்து நின்றது. சோபாவின் ஒரு முனையை ஹாப்ஸும், மறுமுனையை எலும்பும் தோலுமாக இரண்டாவது ஹாப்ஸும் பிடித்து வீட்டிலிருந்து வெளியே தூக்கி வந்தார்கள். ரஸ்ஸல் வேலியைத் தாண்டிப் போய் நடுவில் தோள் கொடுத்தான். லாரியில் ஏற்றி முடித்ததும், அந்த இரண்டாமவனிடம், காலையில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டான்.