நான்கு பேருக்கான குளிர்

அந்த ஊரில் ஏசி மெஷின்கள் ஆள் எண்ணும். மாட்டுகிற அன்றைக்கே மெக்கானிக், "இந்த ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க?" என்று கேட்டு, அந்த எண்ணை மெஷினின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவிட்டுப் போவார். அன்றிலிருந்து அது அத்தனை பேருக்கான குளிரைத் தந்துகொண்டிருக்கும். எண்ணில் இருப்பவர் ஊரில் இல்லை என்பதற்காகக் குறைத்துக்கொள்ளாது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மருமகளுக்கும், ஹாஸ்டலில் சேர்ந்த பையனுக்கும் அவரவர் பங்குக் குளிர் அவரவர் படுக்கும் இடத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கும்.

ஆள் கூடினால்தான் சிக்கல். முதலில் உள்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும். அடுத்து செம்புக் குழாயில் பனி கட்டும். வெளியே இருக்கும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். இவ்வளவையும் கவனிக்காமல் விட்டால், கூடுதலாக இருக்கிற ஆளின் பேச்சு மற்றவர்கள் காதில் விழுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தில் இதெல்லாம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை.

பாலக்கரையில் அமலோற்பவம் வீட்டு ஏசிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வைத்திருந்தார்கள். காலையில் அது முக்கால்வாசி நிறைந்திருக்கும். அவள்தான் எடுத்துப்போய் ஊற்றுவாள். மூன்று வருடம் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, மூன்று மாத விடுப்பில் வந்திருந்தாள். விடுப்பு வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது. டிக்கெட் பீரோவில் இருந்தது. இனிமேல் போகப் போவதில்லை என்று வீட்டில் சொல்ல வேண்டும். சொல்லவும் செய்தாள், இரண்டு முறை. ஒருமுறை கணவன் சவரிராஜ் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தான், திரும்பவில்லை. இன்னொரு முறை நால்வரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் போகலைங்க" என்றாள். சவரிராஜ் ரசத்தை நகர்த்தி வைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மெக்கானிக் ஜபருல்லா வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஏணியை விரித்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்பலேருந்து சொட்டுது?"

"ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு நாள் இருக்கும் பாய்" என்றான் சவரிராஜ்.

அமலோற்பவம் ஈஸ்டருக்கு முதல்நாள் வந்து இறங்கியிருந்தாள்.

ஜபருல்லா அவசரப்படுகிறவர் அல்ல. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தண்ணீர் போகும் குழாயை வாயால் ஊதினார், அடைப்பு இல்லை. பால்கனியில் குத்தவைத்து, கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. கெப்பாசிட்டரை மாற்றிப் போட்டுப் பார்த்தார். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயில் கட்டியிருந்த பனியை நகத்தால் சுரண்டினார்.

"மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல சார். ஆள் கூட இருக்கு."

"நாலு பேருதான் பாய்."

"நாலுன்னுதான் எழுதியிருக்கேன். என் கையெழுத்துதான் இது. ஆனா அது அஞ்சு பேருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. ஒவ்வொருத்தரா வெளியே போய் நில்லுங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம். எண்ணுல இருக்கிறவங்க போனா அது கண்டுக்காது, ஓடும். கூட இருக்கிறவங்க போனா நின்னுடும்."

சவரிராஜ் முதலில் போனான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருபத்தோரு வருட சர்வீஸ் அவனுக்கு. "கட்டின வீட்டுல என்னையே வெளிய நிக்க வைக்கிறீங்களே பாய்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். பத்து நிமிடம் ஆயிற்று. கம்ப்ரஸர் ஓடியது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

மகள் ஜெனிட்டா கெமிஸ்ட்ரி புத்தகத்தோடு போய்ப் புத்தகத்தோடு திரும்பினாள். ஓடியது.

பெலிக்ஸ் ஏழாம் வகுப்பு. "நானாத்தான் இருக்கும் பாய். அப்ப நான் திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போக வேணாம்ல?" என்றான்.

"போய் நில்லுடா முதல்ல" என்றார் ஜபருல்லா.

அவனுக்கும் ஓடியது. தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

அமலோற்பவம் ஹாலுக்குப் போய், கதவைச் சாத்தி, சாத்திய கதவுக்கு எதிரே நின்றாள். காலண்டரில் மாதா படம் இருந்தது. சமையலறையில் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பால்கனியில் டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் ஏற்பட்ட அமைதி அந்த வீட்டில் மூன்று மாதமாக இல்லாத அமைதி. அறைக்குள் பக்கெட்டில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தாள். விழவில்லை.

"பாய், இன்னொரு தடவை பாத்துருங்க" என்றாள் கதவுக்கு வெளியே இருந்து. யாரும் பதில் சொல்லாததால் கதவைத் திறந்து உள்ளே போய் மறுபடி சொன்னாள். அவள் உள்ளே நுழைந்ததும் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஜபருல்லா தலையசைத்தார். இரண்டாம் முறையும் அவள் வெளியே போனதும் டக் என்று நின்றது.

"சரி. அப்ப நாலாவது ஆள் யாருன்னு பாத்துடுவோம்" என்றார் அவர்.

முட்டிபோட்டு, தரையில் விரித்திருந்த மெத்தைகளின்மேல் உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். கதவோரம் சவரிராஜ் படுக்கும் இடம். ஜன்னலோரம் ஜெனிட்டா. சுவரோரம் பெலிக்ஸ். பெலிக்ஸுக்கும் ஜெனிட்டாவுக்கும் நடுவில் வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு தலையணை இருந்தது. உறை புதிதாகத் துவைத்துப் போட்டது. அமலோற்பவத்தின் பாய் பீரோவுக்குப் பக்கத்தில் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. வந்த முதல் நாளே அவள் அங்கேதான் விரித்தாள். நடுவில் இடம் இருந்தும் ஏன் அங்கே போனோம் என்று அவள் யோசித்ததில்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள், எல்லோரையும் போல.

"இது யாரு இடம் தம்பி?"

"அம்மா இடம்" என்றான் பெலிக்ஸ்.

"அம்மா அங்க நிக்கிறாங்களே."

"அது அம்மா. இது அம்மா இடம்."

சவரிராஜ் தொண்டையைச் செருமினான். "இவ போன அன்னியிலேருந்து அப்படியேதான் இருக்கு பாய். இவ பங்குக் குளிர் அது பாட்டுக்கு விழுந்துக்கிட்டே இருந்துச்சா, அப்படியே உறைஞ்சு தங்கிடுச்சு. நாங்க மிதிக்கிறதில்ல. பையன் அதுமேல கையைப் போட்டுக்கிட்டுத் தூங்குவான்."

ஜபருல்லா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். மூன்று வருடம் விழுந்த குளிர் ஓர் ஆளாக எழுந்துவிட்டால் மெஷின் அதைத்தான் எண்ணும். பட்டியலில் இருக்கும் அமலோற்பவம் அதுதான். இப்போது வந்திருப்பவர் கூடுதல்.

"பெரிய மெஷினா மாத்தலாம்னா இந்தச் சுவர் தாங்காது சார். அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் கிளம்பணும். யாருன்னு நான் சொல்லக்கூடாது. நான் மெக்கானிக்கு. ஆனா சீக்கிரம் முடிவு பண்ணுங்க, ஒரு வாரத்துல கம்ப்ரஸர் கருகிடும்." ஏணியை மடக்கிக்கொண்டு, வாசலில் அமலோற்பவத்தைக் கடந்து போகும்போது நின்றார். "நீங்க பேசுறது இன்னும் கேக்குதும்மா. அதுக்குள்ள பேசிருங்க."

அவள் அன்று மாலையே பேசினாள். நால்வரும் ஹாலில் இருந்தார்கள். கடைசியில் இருப்பவருக்கும் கேட்கும்படி, கோயில் மைக்கில் வாசகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"டிக்கெட் ஒண்ணுதான் இருக்கு. அவ போகட்டும்."

சவரிராஜ் நியாயம் பார்க்கிற மனிதன். "மூணு வருஷமா எங்ககூட இருந்தது அவதான் அமலா. பெலிக்ஸுக்கு டெங்கு வந்தப்ப நெத்தி சுடாம பாத்துக்கிட்டா. திடீர்னு கிளம்புன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப நான்?"

"நீயும்தான். நான் இல்லன்னு சொல்லலையே."

"ரெண்டு பேரும் இருக்க முடியாதுன்னு பாய் சொல்லிட்டாருல்ல."

அடுத்த வீட்டு மிக்ஸி ஓடி நின்றது. ஜெனிட்டா புத்தகத்திலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "அவங்க தோசை சுட மாட்டாங்கப்பா. மூணு வருஷமா நான்தான் சுடுறேன்."

சவரிராஜ் எழுந்துபோய், பீரோவிலிருந்து டிக்கெட்டை எடுத்து வந்து அமலோற்பவத்திடம் கொடுத்தான்.

புதன்கிழமை அமலோற்பவம் பெட்டி கட்டினாள். தனக்குக் கட்டியது போலவே கட்டினாள். நார்த்தங்காய் ஊறுகாய், தலைவலித் தைலம், இரண்டு ஸ்வெட்டர். பிறகு ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டாள், அதற்குத் தேவைப்படாது. பாஸ்போர்ட்டைப் பெட்டியின் முன்பையில் வைத்தாள். வியாழன் பதினொரு மணிக்கு அறை வாசலில் நின்று, "வா, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். பெலிக்ஸ் கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தான். மெத்தையில் தலையணையிலிருந்து கீழே ஈரமாக ஒரு நீள வடிவம் தெரிந்தது.

காரில் பின்சீட்டில் அவளும் பிள்ளைகளும் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். டிரைவர் பாதி வழியில் குளிர் தாங்காமல் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலை இறக்கினார். "பின்னாடி நடுவுல இருக்கிற அக்காவுக்கு இது போதும்ல?" என்றார். போதும் என்றான் சவரிராஜ்.

விமான நிலையத்தில் உள்ளே விடுகிற காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார். எதிரே இருந்த வெற்றிடத்தையும் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"போட்டோவுல கொஞ்சம் வாடிப்போய் இருக்கீங்க. போங்கம்மா."

பெட்டி தானாக உருண்டு உள்ளே போயிற்று. நால்வரும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். பெட்டி வரிசையில் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். சவரிராஜ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். அமலோற்பவம் அவனைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கண்ணாடிக்குப் பின்னால் அவன் அழுதிருப்பான் போலிருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் இருந்தாள்.

"திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள் ஜெனிட்டா.

"பாத்தா போக முடியாது" என்றாள் அமலோற்பவம். அவள் சொன்னது மூன்று பேருக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டார்கள். அறை குளிர்ந்தது. பால்கனியில் டக் என்று நின்று, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, மறுபடி கிளம்பியது. பக்கெட்டைக் கழுவிக் குளியலறைக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். அமலோற்பவம் பாயைச் சுருட்டி பீரோவின்மேல் போட்டுவிட்டு, நடு மெத்தையில் தலையணையில் தலை வைத்துப் படுத்தாள். உறை இன்னும் சில்லென்று இருந்தது.

பெலிக்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். முதுகு குலுங்கியது. அவள் கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள்.

"அழாதடா. குவைத் என்ன ரொம்ப தூரமா? லீவு விட்டா வந்துடப் போறா."

"உன் கை சுடுது" என்றான் அவன்.

அவள் கையை எடுத்து, சுவரில் சிறிது நேரம் வைத்திருந்துவிட்டு, மறுபடி அவன் தலையில் வைத்தாள். இந்த முறை அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் மூச்சு சீரானதும் இருவரும் தூங்கிவிட்டார்கள் என்று எண்ணினான் சவரிராஜ். ஆனால் இருவருமே விழித்துத்தான் இருந்தார்கள்.

"அம்மா வர்ற வரைக்கும் நீ இருப்பியா?" என்று கேட்டான் பெலிக்ஸ்.

"இருப்பேன்" என்றாள்.

ஆகஸ்ட் மாதம் பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு கொடுத்தார்கள். பெலிக்ஸ் கணக்கில் தேறியிருந்தான். தாயார் கையொப்பம் என்ற இடத்தில் அவன் விரலை வைத்துக் காட்டினான். அமலோற்பவம் பேனாவைத் திறந்து, 'தாயார் வெளிநாட்டில் இருப்பதால், அவருக்காக' என்று எழுதி, அதன்கீழே அமலோற்பவம் என்று கையெழுத்துப் போட்டாள். வகுப்பாசிரியை வாங்கிப் பார்த்துவிட்டு, மற்ற கார்டுகளோடு சேர்த்து அடுக்கி வைத்தார்.