ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அனுமதி

அந்தத் தெருவுக்கென்று ஒரு பாஷை உண்டு. முப்பது வீடு, ஒரு மருந்துக்கடை, ஒரு நாய். நாய் உட்பட எல்லோருக்கும் அது தெரியும். சலவைக்கடைக்காரர் ஒருவருக்குத்தான் தெரியாது. அந்தப் பாஷை பிறந்ததே அவர் வாயால்தான்.

அழுக்குத்துணி வாங்கும் வீட்டில் ஒரு சேதியையும் எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் அதைக் கஞ்சி போட்டு மடித்துக் கொடுப்பது அவர் பழக்கம். எதிர்வீட்டுத் தையல்காரி ஒருநாள் வெக்கை தாங்காமல் மிஷின்மேல் சாய்ந்துவிட்டாள். சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வாரம் மூன்று தடவை வலிப்பு வந்துகொண்டிருந்தது. கல்யாணம் நின்றது. பிறகு வேறெதுவும் அமையவில்லை.

அவர் காதுக்கு எட்டாமல் பேசுவதற்காக அவளும் தங்கையும் கொஞ்சம் சொற்களை உண்டாக்கினார்கள். அக்கம்பக்கம் கற்றுக்கொண்டு மேலும் சேர்த்தது. அதிலேயே சண்டை போட்டார்கள், தாலாட்டுப் பாடினார்கள். அதில் வளர்ந்த பிள்ளைகள் தூக்கத்தில்கூட அதில்தான் உளறின. அவர் மனைவி முதல் வருடத்திலேயே தேர்ந்துவிட்டாள்.

போன மாதம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்தார்கள். இவர்கள் கடல் தாண்டி வந்த தொல்குடி, பாஷைக்கு ஆயிரம் வயதாவது இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த சலவைக்கடைக்காரர், அது தன் வாய்க்குப் பயந்து பிறந்த பாஷை என்று சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சேதி அவர் வயிற்றோடு தங்கியது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

தையல்காரி தங்கை வீட்டோடு போய்விடப் போகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்குள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், அதுவும் அவள் பாஷையில். ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக் கொடு என்று மனைவியிடம் கெஞ்சினார்.

"தெருவக் கேக்காம முடியாதுங்க."

தெரு கூடிப் பேசி, ஒரு வாக்கியத்துக்கு மட்டும் அனுமதி தந்தது.

தையல்காரி மிஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் மனைவியோடு போய் வாசலில் நின்று, மனப்பாடம் செய்ததைச் சொன்னார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அவரைப் பார்த்து நிதானமாக, நிறையப் பேசினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

"என்னடி சொன்னா? மன்னிச்சிட்டாளா?"

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா. சொன்னா நாளைக்கே ஊர் முழுக்கப் போயிடுமாம்."

"போகாதுடி. படிச்சவங்க வந்து ஆயிரம் வருசம்னப்பகூட நான் வாயத் தொறக்கலியே."

"அதத்தான் இப்ப சொல்லிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வாசலில் நாய் படுத்திருந்தது. அது எல்லாவற்றையும் கேட்டிருந்தது. சலவைக்கடைக்காரர் அதன் முகத்தையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.