முதலில் வாயைத் திறப்பவர்

யோஸ்ட் நல்ல மனிதர்தான், வம்பே அதில்தான். ராட்டர்டாமிலிருந்து பூசான் அலுவலகத்துக்கு மேலாளராக வந்த நாள் முதல், "மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று தட்டுத்தடுமாறிய கொரிய மொழியில் ஓதிக்கொண்டே இருக்கிறார். ஓதிவிட்டு, தன் மனசில் பட்டதை முதல் ஆளாகத் தானே சொல்லிவிடுவார். அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான்?

இன்று காலையும் அதே கூத்துதான். "கப்பல் பம்பு சோதனையை செப்டம்பருக்குள்ள முடிச்சிடலாம்னு நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"முயற்சி பண்றோம் சார்" என்றாள் டீம் லீடர் ஹெக்யோங்.

அதற்கு முடியவே முடியாது என்று அர்த்தம். பூசானில் பிறந்த பூனைக்குக்கூட இது தெரியும். யோஸ்ட் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார். சாப்பாடு முடிந்ததும் தலைமை அலுவலகத்துக்குத் தேதியை உறுதி செய்துவிடுவார். அப்புறம் செப்டம்பரில் வரும் சூசோக் அறுவடைப் பண்டிகையாவது, விடுமுறையாவது! இந்த வருஷமாவது வருகிறேன் என்று ஜின்ஜுவிலிருக்கும் அம்மாவுக்கு ஹெக்யோங் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் நாலு பேர் எதிரில் மேலாளரிடம் மறுத்துப் பேச அவளுக்கு நா எழவில்லை.

மதியம் டீமையே சீன உணவகத்துக்கு அழைத்துப் போனார் யோஸ்ட். "இன்னைக்கு என் செலவு. பிடிச்சதைக் கேளுங்க. எனக்கு ஜாஜாங்மியோன்!"

"எனக்கும் ஜாஜாங்மியோன்." "எனக்கும்." "எனக்கும்." கறுப்புச் சாஸ் நூடுல்ஸ் ஆர்டரே மேசையைச் சுற்றி வந்தது.

"என்ன ஒத்துமை!" என்று பூரித்துப்போய் அவர் கை கழுவ எழுந்தார்.

ஹெக்யோங்குக்குப் பொறி தட்டியது. வாயால் சொல்ல முடியாததைச் சாப்பாட்டால் சொல்லிவிடலாமே! பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டாள். "அவரோடதை மட்டும் விட்டுட்டு மத்ததை மாத்துங்கம்மா." பிறகு டீமின் பக்கம் திரும்பினாள். "அவர்தான் இல்லையே, இப்பவாவது பிடிச்சதைக் கேளுங்கப்பா. எனக்கு ஜம்போங்."

"எனக்கும் ஜம்போங் அக்கா" என்றாள் கடைக்குட்டி நாரே. "எனக்கும்" என்றார்கள் மற்றவர்கள்.

யோஸ்ட் திரும்பி வந்தபோது அவர் முன்னால் ஒரே ஒரு கறுப்புக் கிண்ணம். சுற்றிலும் செக்கச்செவேலென்று காரசாரமான மீன் நூடுல்ஸ். "எல்லாரும் ஜாஜாங்மியோன்தானே கேட்டீங்க?"

"நீங்க முதல்ல சொல்லிட்டீங்களே சார்" என்றாள் ஹெக்யோங்.

யோஸ்ட் எடுத்த குச்சிகளைக் கீழே வைத்தார். "அப்போ... காலையில, செப்டம்பர்?"

"அங்கேயும் நீங்கதான் சார் முதல்ல சொன்னீங்க."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஹெக்யோங் ஜெயித்த மிதப்பில் ஒரு வாய் உறிஞ்சினாள். அப்போதுதான் எதிரே டீமிலிருக்கும் கில்சு கண்ணில் பட்டான். வயிற்றுப்புண்காரன், காரமே ஆகாது. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய, வாயைத் திறக்காமல் ஜம்போங்கை விழுங்கிக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள்.

யோஸ்டும் அதைப் பார்த்துவிட்டார். "நான் மறுபடி கை கழுவப் போறேன். நீங்களும் வாங்க, ஹெக்யோங். தேதியை அவங்களே பேசிக்கட்டும்."

இருவரும் குழாயைத் திறக்காமல் குழாயடியில் நின்றார்கள். உள்ளேயிருந்து நாரேயின் குரல் கேட்டது. "செப்டம்பராம்! நவம்பருக்கு முன்னாடி சான்ஸே இல்ல."

"நவம்பரா? அந்தப் பம்பு ஒத்துக்கணுமே! டிசம்பர்!" இது கில்சு. "அப்புறம், யாராவது எனக்கு ஒரு தட்டு வறுத்த சோறு சொல்லுங்கடா, வயிறு எரியுது!"

"எனக்கும் ஜம்போங்னாலே ஆகாது அண்ணா. அக்கா சொல்லிட்டாங்களேனு..." என்று இழுத்தாள் நாரே.

யோஸ்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்க ஒண்ணும் நினைச்சுக்கலையே, ஹெக்யோங்?"

அவளுக்குக் காது வரை சிவந்தது. அவர் தலைமை அலுவலகத்துக்குப் பேசப் போனை எடுத்து, அவளிடம் கேட்டார். "செப்டம்பர் சரிப்பட்டு வருமா, வராதா? நான் எதுவும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

"முயற்சி..." என்று வந்த வார்த்தையை அவள் பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"முடியாது சார்."