கன்னத்துக்குள் ஒரு கடலை

எங்கள் ஊரில் யாராவது புற்றுநோயில் போய்விட்டால், அடக்கம் முடிந்த மறுநாள் என் பல் கிளினிக்கில் கூட்டம் நிற்கும். துக்க வீட்டிலிருந்து திரும்பியதும் ஆளாளுக்குக் கண்ணாடி முன்னால் நின்று, டார்ச் அடித்து, ஐம்பது வருஷமாக எட்டிப்பார்க்காத வாயை எட்டிப்பார்த்திருப்பார்கள். கன்னத்தின் உட்பக்கம் பல் அழுந்திய வெள்ளைக் கோடு இருக்கும். உதட்டுக்குள் ரவை தூவினாற்போல மஞ்சள் புள்ளிகள் இருக்கும். "டாக்டரே, இது என்ன?" என்பார்கள். "ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்பேன். இருபத்தாறு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் கல்லறையில் பெயர்கூட வேண்டாம், 'ஒன்றுமில்லை' என்று பொறித்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல். நிஜமாகவே ஏதாவது இருந்தாலும் எங்கள் ஊரில் இதையேதான் சொல்வோம். கெட்ட வியாதி என்றால் டாக்டர் அதை வீட்டாரைத் தனியாக அழைத்துச் சொல்வார். நோயாளியிடம் சொல்வதில்லை. பல்கேரியா முழுக்க இப்படியா என்று எனக்குத் தெரியாது. இந்த டான்யூப் ஆற்றங்கரையில் என் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான். மனுஷன் நம்பிக்கையோடு போகட்டுமே என்று ஒரு எண்ணம்.

அப்படித்தான் மெத்தோதியிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கெட்டது என்று. அவர் மனைவி தெமெனுகா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நின்று, சொல்ல வேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். கதவோரம் நின்றவன் பனயோத், மெத்தோதியின் பால்ய நண்பன். ருமேனியாவிலிருந்து வரும் படகுக்குத் துறையில் கயிறு கட்டுபவன்.

"ஒண்ணுமில்ல வாத்தியாரே. பல்லு உரசி உரசி வந்த தசை. தொந்தரவு பண்ணாது" என்றேன்.

சும்மா ஒரு சோதனை என்று அனுப்பியிருந்த பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காகிதம் வந்தது. மெத்தோதி மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடினார். கண்ணாடி பனயோத்தின் சட்டைப்பையில் இருந்தது. அவன்தான் காகிதத்தை வாங்கி, அதில் இல்லாததையெல்லாம் கணீரென்று வாசித்துக் காட்டினான். "பாத்தியா, ஒண்ணுமில்லையாம்!" எட்டு மாதத்தில் மெத்தோதி போய்விட்டார். அவர் படம் போட்ட மரண அறிவிப்பை மின்கம்பம் மின்கம்பமாக ஒட்டியவனும் பனயோத்தான்.

நாலு வருஷம் கழித்து, அந்த பனயோத்துக்கும் தெமெனுகாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. ஊரே சிரித்தது. சந்தோஷச் சிரிப்புதான். அவனுக்கு ஐம்பத்தேழு, அதுவரை பிரம்மச்சாரி. தினமும் காலையில் அவளுடைய பலகாரக் கடையில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவைத் தின்றுதின்றே மனதைச் சொல்லிவிட்டான் என்று படகுத்துறையில் கேலி செய்வார்கள். திராட்சை அறுவடை முடிந்ததும் தேவாலயத்தில் கல்யாணம் என்று பேச்சு.

அறுவடைக்கு மூன்று வாரம் முன்னால் கிளினிக்குக்கு வந்தான்.

"டாக்டரே, கல்யாண போட்டோவுல சிரிக்கணும். பல்லைக் கொஞ்சம் தேச்சு விடுங்க. அப்படியே இதையும் பாருங்க, சூடான பனித்சாவைக் கடிச்சப்போ நாக்குல தட்டுப்பட்டுது."

பார்த்தேன். வலது கன்னத்தின் உட்பக்கம் கொண்டைக்கடலை அளவில், வழவழவென்று, இளஞ்சிவப்பாக ஒரு மொட்டு. விரலால் அழுத்தினால் மெத்தென்று நகர்ந்தது. வலி இல்லை, புண் இல்லை. காரணமும் அங்கேயே இருந்தது. பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் ஒரு உறை, அதன் விளிம்பு அரிவாள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. யார் மாட்டிய உறை என்று கேட்காதீர்கள். என் கைவரிசைதான். விளிம்பை ராவிவிட்டு, ஒரு ஊசி போட்டு, மொட்டை நறுக்கி எடுத்து, இரண்டு தையல் போட்டால் முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை.

"ஒண்ணுமில்ல பனயோத். பல்லு உரசி உரசி வந்த தசை. தொந்தரவு பண்ணாது."

சொல்லி முடித்தபிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவன் காதில் முன்பே விழுந்துவிட்டது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தான்.

"தெமெனுகா ஃபோன் பண்ணாளா?"

"எதுக்கு?"

"எங்கிட்ட சொல்ல வேணாம்னு."

"அடப்பாவி, இப்பத்தானே நானே பாக்குறேன்!"

"பரவாயில்ல டாக்டரே. நான் மெத்தோதி இல்ல. தாங்குவேன். சொல்லுங்க."

சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன் என்று கணக்கில்லை. நறுக்கி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், காகிதம் வரும், உன் கண்ணாலேயே படித்துக்கொள் என்றேன்.

"காகிதமா?" என்று சிரித்தான். "காகிதத்த எப்படி வாசிக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

கடைசி ஆயுதமாக என் வாயைத் திறந்து காட்டினேன். என் இடது கன்னத்துக்குள்ளும் அதே மாதிரி ஒன்று உண்டு, பட்டாணி அளவில். பதினோரு வருஷமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் கத்தி வைப்பவனுக்குத் தன் வாயில் கத்தி என்றால் பயம், அதனால் விட்டு வைத்திருக்கிறேன். பனயோத் குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ஐயோ டாக்டரே, உங்களுக்குமா?"

நறுக்க விடாமலே போய்விட்டவன், அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினானாம். ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு. பாதிரியார் என்னைப் பார்த்து என் தலையைத் தடவிக்கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

கோபத்தில் படகுத்துறைக்கே போய் நாலு பேர் முன்னால் கத்தினேன். "முட்டாளே! உனக்கு ஒரு எழவும் இல்லை! கல்லுக்குண்டு மாதிரி இருக்கே!" அவன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என் தோளைத் தட்டினான். "பாவம், உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்" என்றான். மற்றவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் அவன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டான். தனியாக. மின்கம்பத்துக்கு.

அன்று சாயங்காலமே தெமெனுகா வந்தாள். கையில் அதே கைப்பை.

"எத்தனை மாசம், டாக்டர்?"

"என்னம்மா நீங்களுமா? ஒண்ணுமில்லங்கறேன்."

"அவருதான் எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருப்பாரு. தெரியும்."

"நான் பொய் சொன்னா உங்களுக்குத் தெரியாதா?"

"மெத்தோதிக்குத் தெரியலையே" என்றாள்.

அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியவள் அவள், சொன்னவன் நான், வாசித்தவன் அவன். மூன்று பேரும் சேர்ந்து கட்டிய வீட்டுக்குள் மூன்று பேருமே மாட்டிக்கொண்டோம்.

ஆனாலும் அவள் கிளம்பும்போது சொன்னாள். "ஆறு மாசமோ மூணு மாசமோ, நான் கட்டிக்கிறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. இந்தத் தடவை யாரும் யார்கிட்டயும் மறைக்க வேணாம்."

போய்ச் சொன்னேன். பனயோத் வலையில் சிக்கிய இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை கறுப்பு உடுத்தினவ. ரெண்டாவது தடவையும் என்னால உடுத்தணுமா?"

"நீ சாக மாட்டே, பனயோத்."

"நீங்க நல்லவரு டாக்டரே."

திராட்சை அறுவடை முடிந்தது. கல்யாணம் நடக்கவில்லை. அவன் அவள் கடைப் பக்கம் போவதை நிறுத்தினான். அவள் தினமும் ஒரு பனித்சாவைத் துணியில் சுற்றி அவன் வாசலில் வைத்தாள். அவன் நாய் தின்று கொழுத்தது. குளிர்காலம் முழுக்க அவன் சாவான் என்று ஊர் காத்திருந்தது, மரியாதையாகத்தான். அவன் சாகவில்லை. வசந்தத்தில் தெமெனுகா கடையைப் பூட்டிவிட்டு, ஸ்பெயினில் வேலை பார்க்கும் மகளிடம் போக பஸ் ஏறினாள். நான் மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தேன். ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி என்ன சொல்வது? ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆறு வருஷம் ஓடியது. பனயோத் என் கிளினிக் இருக்கும் தெருவிலேயே நடப்பதில்லை. தூரத்திலிருந்து தொப்பியைத் தூக்குவான். போன மாதம், செவ்வாய்க்கிழமை, வாயில் கைக்குட்டையோடு உள்ளே வந்தான்.

"கடிச்சுட்டேன். ரத்தம் நிக்கல. எடுத்துடுங்க, என்ன ஆனாலும் சரி."

அதே மொட்டு. அதே அளவு. ஊசி போட்டேன், நறுக்கினேன், இரண்டு தையல் போட்டேன், பழைய உறையின் விளிம்பை ராவினேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தட்டில் அது கடலை மாதிரியே கிடந்தது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் புட்டியில் அதைப் போட்டு மூடினேன்.

மரத்துப்போன வாயோடு பனயோத் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மேஜையில் வைத்தான். தெமெனுகா, பக்கத்தில் ஒரு வழுக்கைத்தலை ஆள், பின்னால் பீச் பழ மரங்கள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஈஸ்டருக்குக் கல்யாணமாம். அவ மக அனுப்பியிருக்கா" என்றான். "நல்ல ஆளாத்தான் தெரியுறான், இல்ல?"

"ஆமா. நல்ல ஆளு."

"டாக்டரே, இப்ப மறைக்க யாரும் இல்ல. ஒரு தடவை உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அது கெட்டதுதானே?"

என் வாயில் அந்தச் சொல் தயாராக இருந்தது. இருபத்தாறு வருஷமாகச் சொன்ன சொல். அதைச் சொன்னால் இந்த ஆறு வருஷமும், நாய் தின்ற பனித்சாவும், பஸ் ஏறியவளும் எதற்காக என்று ஆகிவிடும்? அவன் கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்தான்.

"கெட்டதுதான், பனயோத்" என்றேன். "எப்படியோ அடங்கிப்போச்சு. ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி ஆகும்."

அவன் தோள்கள் இறங்கின. பெரிய மூச்சு ஒன்று விட்டான்.

"எனக்குத் தெரியும். அன்னைக்கே உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துது." படத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தான். "இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல."

"சரி" என்றான். உடனே நம்பிவிட்டான்.

தொப்பியைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனவன் திரும்பினான்.

"உங்களுது எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு."

"பயப்படாதீங்க டாக்டரே" என்றான், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "எனக்கு அடங்கிப்போகலையா?"