இறங்கச் சம்மதமா?

யுத்தம் முடிந்த மறுவருஷம், மதுரைக்குத் தெற்கே பட்டாளத்தார் விட்டுப்போன விமானத் திடலில் வெங்கடரமணன் கண்ட்ரோல் ஆபீசராக இருந்தார். சென்னையிலிருந்து ஒரு குட்டி விமானம் வந்துபோகும். அதை ஓட்டி வருகிறவர் சௌரிராஜன், வெங்கடரமணனின் தங்கை பத்மாசினியின் புருஷன். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சித்தப்பாவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அதனால் காரியம் ஒன்றும் கெடவில்லை. இவர் இறங்கச் சொல்வதை வயர்லெஸ்காரர் தவசி மேலே சொல்வார், அவர் இறங்குவார். கோளாறு விமானக் கம்பெனி உத்தரவில் வந்தது. இனிமேல் எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதை விமானியும் ஆபீசரும் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டுமாம்.

அன்று விமானம் தலைக்கு மேலே வந்து வட்டமடித்தது.

"தவசி, மேக்க இருந்து எறங்கச் சொல்லு" என்றார் வெங்கடரமணன்.

மைக் திறந்தே இருந்ததால், தவசி வாயைத் திறக்குமுன் ஒலிபெருக்கி கரகரத்தது. "தவசி அண்ணே, காத்து மேக்க இருந்து அடிக்குது. கெழக்க இருந்துதான் எறங்குவேன்னு சொல்லுங்க."

"கெழக்க ஆடு நிக்குதுன்னு சொல்லு."

"வெரட்டச் சொல்லுங்க."

"ஆடு வெரட்டுறதா ஆபீசர் வேலைன்னு கேளு!"

தவசிக்குப் பொறுக்கவில்லை. "அவரு பேசுறது உங்களுக்குக் கேக்குது, நீங்க பேசுறது அவருக்குக் கேக்குது. நடுவுல நான் எதுக்கு? நான் போயி ஆட்ட வெரட்டுறேன்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெங்கடரமணன் ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார். மேலே சுற்றுவது தங்கையின் தாலியல்லவா! ஆனாலும் தானாக எப்படிப் பேசுவது? மைக்கை எடுத்து, காலி நாற்காலியைப் பார்த்தபடி, "தவசி, பெட்ரோல் எம்புட்டு இருக்குன்னு கேளு" என்றார்.

ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. "தவசி அண்ணே, முள்ளு அடியத் தொட்டுருச்சுன்னு சொல்லுங்க."

"அய்யோ, எப்படி வேணாலும் எறங்கச் சொல்லு தவசி!"

"அது கலந்து பேசுனதாகாது அண்ணே. அவரு முடிவு என்னன்னு கேளுங்க."

வெங்கடரமணன் ஜன்னலுக்கு ஓடினார். தவசி விரட்டிய விரட்டில் ஆடெல்லாம் கிழக்கிலிருந்து மேற்குக் கோடிக்கு ஓடியிருந்தன.

"கெழக்க இருந்தே எறங்கச் சொல்லு!"

"சம்மதம்னு சொல்லுங்க!"

விமானம் குதித்துக் குதித்து இறங்கி, ஆடுகளுக்குச் சற்றுத் தள்ளி நின்றது. சௌரிராஜன் இறங்கி இறக்கையின் நிழலில் உட்கார்ந்தார். வெங்கடரமணன் மூச்சிரைக்க ஓடிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவரும் எங்கோ பார்த்தபடி வாங்கிக் குடித்தார்.

ஆட்டுக்காரி இருளாயி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். "ஏய்யா, நீங்க ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் எறக்குறீகன்னு தவசியண்ணே சொல்லுது. எடத்துல நிக்கிறது எங்க ஆடு. எங்கிட்ட யாரு கேட்டா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களே சொல்லுங்க மச்சான்" என்றார் சௌரிராஜன்.

"எங்க முடிவ நான் மட்டும் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க மாப்ள."

"பெரியவங்க நீங்க இருக்கையில..."

"ஓட்டிட்டு வந்தது நீங்க..."

இருளாயி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். அப்புறம் ஆடுகளைத் திருப்பி, ஓடுபாதை நடுவிலேயே கிழக்குப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.