நாத்தனாரின் அலமாரிக் கதவு

கணவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாத்தனார் தன் அலமாரிக் கதவைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். யாரிடமும் படம் கற்றதில்லை. முகங்களைத்தான் வரைவார், அதுவும் மரக்கதவில். துணியில் வரைந்தால் முகம் நடுங்குகிறது என்பார். அவரவர் முகம் அவரவர் வீட்டுக் கதவில்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கிறுக்கு. அவளையே திரும்பத் திரும்ப வரைந்து இந்த வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றித் தீர்த்துவிட்டார். கதவோடு மிஞ்சியது அவளுடைய துணி அலமாரி மட்டும். பணிமனையில் மிச்சமான பெயிண்ட் என்பதால் எல்லாருக்கும் கன்னம் பச்சை.

"தம்பி கேட்டான்னு கழட்டிக் குடுத்தேன். இப்ப என் துணியெல்லாம் எலிக்குத்தான். படத்தைச் சுரண்டிட்டு மாட்டிக்கறேன்."

"சுரண்டவா? அவர் கடைசியா வரைஞ்சது அண்ணி இது."

"நான் என்ன இப்படியா இருக்கேன்? யாரையோ கடிக்கப் போற மாதிரி."

படத்தில் வாய் பாதி திறந்திருந்தது. தம்பியைத் திட்டத் தொடங்கி, நடுவில் சிரிப்பு முட்டி, அதைக் காட்டிக்கொள்ளாமல் அடக்கும் முகம். எந்தப் போட்டோவிலும் அது விழுந்ததில்லை. சுரண்டிவிட்டால் மறுபடி வரைய ஆளும் இல்லை.

"புதுக் கதவு செஞ்சு தர்றேன் அண்ணி."

"அந்த மரம் இப்ப எங்க கிடைக்குது? செத்தவன்கிட்டயா சண்டை போட முடியும், உன்கிட்டதான் போடணும்."

அவள் கணவரின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து தன் அலமாரியின் முன் உட்கார்ந்தாள். இரண்டு அலமாரியும் மாமியார் ஒரே தச்சரிடம் ஒரே அளவில் செய்யச் சொன்னவை. துருப்பிடித்த திருகு நகர மாட்டேன் என்றது. போனவர் போன பிறகும் கதவு கழற்ற வைக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. நாத்தனார் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கீழே குனிந்து கதவைத் தாங்கிக்கொண்டார்.

"மெதுவா. என் கதவு அது."

"இன்னும் என் கதவுதான் அண்ணி."

கதவு கையோடு வந்தது. அலமாரிக்குள் அவள் துணிகளும் அவர் சட்டைகளும் வெளிச்சத்தில் கிடந்தன. நாத்தனார் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் படத்தை வாசல் பக்கம் வைக்காத."

"வைக்கல."

"மூக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கலாம் நீ."

"சொன்னேன். கேட்டாரா?"

"எப்பக் கேட்டான்," என்றார் நாத்தனார்.

ஆளுக்கொரு முனையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு இருவரும் படியிறங்கினார்கள்.